மூடியிருந்த பன்னிரண்டு பாட்டில்கள்

எங்கள் லேபில் கல்லை உறையவைத்துத்தான் உடைப்போம். வெறுமனே உரலில் போட்டு இடித்தால் கல் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அதனால் இரும்பு உரலில் கல்லைப் போட்டு, திரவ நைட்ரஜனை ஊற்றி, வெள்ளைப் புகை கொஞ்சம் அடங்கியதும் இடிக்க வேண்டும். இடிக்கிற சத்தம் மாறுவதை வைத்தே எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக இந்த வேலைதான். பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு போல்ட் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவில் எங்கள் கட்டடம் இருக்கிறது. எங்கெங்கோ பூமியைத் துளைத்து எடுத்த கற்கள் இங்கே வரும். பெரும்பாலும் ஷேல் என்கிற களிமண் பாறை. பார்க்க சிலேட்டு மாதிரி கருப்பாக, அடுக்கடுக்காக இருக்கும். அலுமினியத் தாள் சுற்றி, மெழுகு பூசி, உறைபனிப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்து மெழுகைச் சுரண்டும்போது லேசாக ஒரு வாசனை வரும். மண்ணெண்ணெயும் ஈர மண்ணும் கலந்தது போல. ஐந்து நிமிடத்தில் அது போய்விடும். அந்த வாசனை போகிறது என்றால் எண்ணெய் போகிறது என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் மேடம். என்னைவிடப் பதினெட்டு இருபது வயது சின்னவள். படித்துவிட்டு நேராக இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் நான் எதை இடிக்கிறேன், எதற்காக இடிக்கிறேன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இவள் மட்டும் டீ குடிக்கிற நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்து பேசுவாள்.

"அக்கா, இந்தக் கல்லு பூமிக்கடியில இருக்கிறப்போ இவ்ளோ எண்ணெய் வெச்சிருந்துச்சுன்னா, மேல கொண்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் போயிடும். பெட்டியில வர்றப்போ கொஞ்சம். நீங்க உடைக்கிறப்போ கொஞ்சம். மெஷின் கடைசியா மிச்சத்தைத்தான் காட்டும். போனது எவ்ளோன்னு தெரிஞ்சா அதைத் திரும்பக் கூட்டிக்கலாம். தெரியலைன்னா, அங்க எண்ணெயே கம்மின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

போனதை எப்படி அளப்பது என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். போகவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

சென்ற வருடம் அப்படி ஒரு வேலை வந்தது. ஒரே கிணற்றின் பன்னிரண்டு ஆழங்களில் இருந்து பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் இடித்து, வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடாமல் மேசைமேல் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் சிட்டிகை. அப்புறம் பதினொன்று, இரண்டு, ஆறு. சனிக்கிழமை மாலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு, திங்கள் காலை ஒன்பது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாட்டிலில் இருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து, எடை போட்டு, விரல் நீளக் குப்பியில் அடைத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். பிறகு மெஷின் ஒவ்வொரு குப்பியையும் சூடாக்கி, எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று சொல்லும்.

சனி, ஞாயிறு யார் வருவது என்று பேச்சு வந்தபோது நான் வருகிறேன் என்றேன். எப்போதும் நான்தான் வருவேன். மற்றவர்களுக்குக் குழந்தைகள், கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருக்கும். நான் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை செய்தார். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தோம். இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பி ஓசூரில் இருக்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை லேபை விட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை வரை பால் கடைக்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொல்வதுதான் என் பேச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் எனக்குச் சிரமமாக இருந்ததில்லை.

கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அறுபதைத் தாண்டியவர், புளியந்தோப்புக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்தே முக்காலுக்குப் போனபோது நாற்காலியைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெயமையும் வந்துகினு கீற. கல்லு எயுந்து ஓடிடும்னு பயமா?"

நான் சிரித்தேன்.

"இன்னா சிரிக்கிற? உனுக்கு ஊடு வாசல் இல்லியா? ஊட்ல குந்திகினு டிவி பாக்கறதுக்கு இன்னா?"

"டிவி ரிப்பேர் அண்ணே," என்றேன். அது பொய் இல்லை.

"அத்த சரி பண்ணு மொதல்ல. கல்லு எங்கயும் போவாது."

படி ஏறிப் போய் விளக்கைப் போட்டேன். மேசைமேல் பன்னிரண்டு பாட்டில்களும் வரிசையாக இருந்தன. பன்னிரண்டுக்கும் கருப்பு மூடி போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் மூடியது என்று யோசித்தேன். சனிக்கிழமை மாலை நான் வந்தபோது லேபில் யாரும் இல்லை, சாவி என்னிடம்தான் இருந்தது. நான்தான் மூடியிருக்கிறேன். சிட்டிகை எடுத்து, எடை போட்டு, எழுதி, கடைசியில் ஒவ்வொன்றாகத் திருகி மூடி, மேசையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைத்துப் போயிருக்கிறேன். மூடியது எனக்கு நினைவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, திறந்துபோட்டுவிட்டுப் போன ஒரு பாட்டிலுக்காகப் பழைய மேனேஜரிடம் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். அன்றிலிருந்து இந்த லேபில் நான் எந்தப் பாட்டிலையும் திறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மேடம் பக்கத்திலேயே நின்று "மூடாதீங்கக்கா" என்று இரண்டு தடவை சொன்னாள். சனிக்கிழமை சொல்ல ஆள் இல்லை.

முதல் பாட்டிலின் மூடியைத் திருகினேன். வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அறையில் இருந்து போய்விட்ட வாசனை, ஒரு நாள் முழுக்க மூடிக்குக் கீழே தேங்கியிருந்திருக்கிறது. மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன், எல்லாவற்றிலும் அதே வாசனை.

அப்போதே மேடத்துக்குப் போன் செய்திருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். முதலில் என்ன சொல்வது, "மேடம், நான் பேசறேன்" என்றா? அதற்குப் பிறகு என்ன? இப்படியே நின்றுகொண்டிருந்ததில் ஆறு மணி ஆகிவிட்டது. ஆறு மணிக்கு எடுக்க வேண்டியதை எடுத்தேன். எழுதினேன். பாட்டில்களைத் திறந்தே வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, திரும்ப ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கடைசிச் சிட்டிகை. மேடம் வந்ததும் சொல்லிவிடுவது என்று ரயிலில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துவைத்திருந்தேன். அவள் வரும்போதே காதில் போனோடு வந்தாள். குப்பிகளை வாங்கிக்கொண்டு மெஷின் அறைக்குள் போனாள். எண்பத்து நான்கு குப்பிகள். மெஷின் இரண்டு நாள் இரவும் பகலும் ஓடியது. அந்த இரண்டு நாளும் அவள் என் பக்கம் வரும்போதெல்லாம் நான் எதையாவது கழுவிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். "அக்கா, இங்க வாங்களேன், சீக்கிரம்."

கம்ப்யூட்டரில் பன்னிரண்டு கோடுகள். எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் உயரத்தில் தொடங்கி, சரசரவென்று இறங்கி, சனிக்கிழமை வரை சாய்ந்து வந்தன. சனி மாலையில் இருந்து ஞாயிறு மாலை வரை தரை மாதிரி நேராகப் போயின. அதற்குப் பிறகு திங்கள் காலைக்குள் மறுபடி ஒரு இறக்கம்.

"படிக்கட்டு மாதிரி இருக்கு பாருங்க," என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. "ஒண்ணுல இருந்தா மெஷின் தப்புன்னு விட்டுடுவேன். பன்னெண்டுலயும் இருக்கு. அப்போ கல்லுக்குள்ள எண்ணெய் ரெண்டு விதமா இருக்குன்னு அர்த்தம். விரிசல்ல இருக்கிறது முதல்ல போயிடுது. அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் போகல. அப்புறம் இன்னொரு இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறது கிளம்புது. இதை யாரும் இப்படித் தெளிவா காட்டினதில்லைக்கா."

நான் அந்த நேர்க்கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஏதாவது மாறுச்சா? ஏசி நின்னுச்சா? கரெண்ட் போச்சா?"

"இல்ல மேடம்."

"பாட்டில்ல எதுவும்?"

"இல்ல மேடம்."

அவள் என் தோளைத் தட்டினாள். "நாளைக்கு மூணு மணிக்கு கல்லு அனுப்பின கம்பெனிக்காரங்களோட மீட்டிங். இதைத்தான் முதல்ல காட்டப் போறேன்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எடை எழுதும் தாளில் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அந்தக் கட்டத்தில் எழுதினேன்: "சனி மாலை 6 முதல் ஞாயிறு மாலை 6 வரை 12 பாட்டில்களும் மூடியிருந்தன. தவறுதலாக." கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை அவள் மேசையில், மற்ற தாள்களுக்கு மேலே வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால், எனக்கு முன்னால் வந்த யாரோ அந்தத் தாளை அப்படியே ஃபைலில் போட்டிருந்தார்கள். எடைகள் எல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதால் யாரும் அதைப் படிக்கவில்லை. மேடம் புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். பட்டறைச் சத்தம் கேட்காமல் இருக்க மீட்டிங் அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னாள். நான் சாத்தினேன். பதினொரு மணிக்கு டீ கொண்டுபோனேன். திரையில் அந்தக் கோடுகள் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. நேராகப் போகும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அவள் டீயை எடுத்துக்கொண்டு "தேங்க்ஸ்க்கா" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது. வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான் என்றாலும், அதற்கும் ஒன்றும் ஆகாது. சொன்னால் ஆகும். இந்த லேபை விட்டால் நான் தினமும் போவதற்கு ஒரு இடம் இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லை. ஆனால் அவள் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். ஒரு கூட்டத்தில் காட்டுவாள், அப்புறம் இன்னொரு கூட்டம். வேறு எங்கோ ஒருவர் அதே மாதிரி கல்லை எடுத்து, மூடாமல் வைத்து அளந்து பார்ப்பார். அப்போது அவள் அங்கே தனியாக நிற்பாள்.

மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. கதவைத் தட்டினேன். அவள் ஒரு நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மேடம், அது கல்லு பண்ணினது இல்ல. நான் மூடிட்டேன்."

"என்னக்கா?"

"சனிக்கிழமை எடுத்துட்டு, பாட்டிலை எல்லாம் மூடிட்டுப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்துதான் பார்த்தேன்."

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். சிவப்பு வட்டத்தின் இரண்டு முனைகளையும் விரலால் தொட்டாள்.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

"சனி ஆறு மணிக்கு?"

"ஆமா மேடம்."

"ஞாயிறு ஆறு மணிக்குத் திறந்தீங்க."

"ஆமா. வாசனை அடிச்சது."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "நேத்து எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். "நீங்க போங்கக்கா, மணியாச்சு," என்றாள். நான் கதவைச் சாத்தும்போது அவள் அந்தப் படத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

மீட்டிங் ஒரு மணி நேரம் நடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்து அவள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"ஒவ்வொரு ஆழத்துலயும் பாதித் துண்டு ஃப்ரீசர்ல பத்திரமா இருக்குல்ல? அதை உடைக்க அவங்க ஒத்துக்கிட்டாங்க. நாளைக்கு முதல்ல இருந்து. நீங்கதான் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. பன்னெண்டு பாட்டிலும் ஒரே போட்டோவுல தெரியணும், மூடி தனியா பக்கத்துல இருக்கணும்."

மறுநாள் மறுபடி இடித்தேன். போன வெள்ளிக்கிழமை போல அவள் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. டீ நேரத்திலும் வரவில்லை. வேலைக்கு வேண்டியது மட்டும் சொல்வாள், கேட்பாள். சனிக்கிழமை ஆறு மணிக்கு எடுத்து முடித்து, பன்னிரண்டு மூடிகளையும் ஒரு தட்டில் கொட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். யாருக்காவது போட்டோ அனுப்பி வெகுநாள் ஆகியிருந்தது. முதலில் எடுத்ததில் என் கட்டைவிரல் பாதி விழுந்துவிட்டது, மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நீல டிக் வந்தது, பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை. கீழே இறங்கி கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, போனையே பாத்துகினு கீற?" என்றார் செக்யூரிட்டி. "எவனாச்சும் மாட்டிகினானா?"

"மேடம் மெசேஜ் அண்ணே."

"அட போம்மா. நான் கூட இன்னாவோன்னு நென்ச்சேன்."

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது "ஓகே" என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். முக்கால் மணி நேரம் கழித்து, "ஓகே".

இந்த முறை கோடுகள் ஒரே சாய்வாக இறங்கின. எங்கேயும் நிற்கவில்லை. மூன்று நாளில் போன எண்ணெய், முதலில் கணக்குப் போட்டதைவிட அதிகம். மேடம் அதைத்தான் அறிக்கையில் எழுதினாள், கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மற்ற லேப்களில் வருகிற மாதிரியேதான் இருந்தது என்று அவளே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவள் டீயோடு என் மேசைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, மூடினதுகூட விடுங்க. அது யாருக்கும் நடக்கும். நான் புதன்கிழமை ரெண்டு தடவை கேட்டேன். ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

நானும் அந்த ஒரு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு எது கேட்டாலும் எனக்கு முதல்ல அதுதான் மேடம் வரும். சாப்பிட்டியா, உடம்புக்கு முடியலையா, ஏதாவது வேணுமான்னு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்வேன். சொன்னப்புறம்தான் கேட்டது என்னன்னே யோசிப்பேன். அதுக்குள்ள கேட்டவங்க போயிடுவாங்க."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்று எழுந்தாள். "இனிமே கேட்டுட்டுக் கொஞ்சம் நிக்கறேன்."

அடுத்த வாரம் புதுப் பெட்டி ஒன்று வந்தது. நான் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மேடம் வாசல்படியில் வந்து நின்று, "பெட்டியில எதுவும் உடைஞ்சிருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மேடம்," என்றேன்.

அவள் போகவில்லை. கதவில் சாய்ந்து, போனைப் பார்ப்பது போல நின்றாள். நான் கையுறையைச் சரிசெய்துகொண்டு, பெட்டிக்குள் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவதில் மெழுகு ஓரமாக விரிசல் விட்டிருந்தது.

"ஒண்ணுல விரிசல் இருக்கு மேடம்."

"எங்க, காட்டுங்க," என்று உள்ளே வந்தாள்.